பேரி பனியில் ஓட்ட, பத்தாயிரம் டாலருக்குள் ஒரு நல்ல பழைய கார்

உங்கள் கேள்வியை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன். கோயம்புத்தூரில் கியர் வண்டி ஓட்டிப் பழகியவர் நீங்கள். இப்போது கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் பேரி நகரில் இருந்துகொண்டு, 400ஆம் எண் நெடுஞ்சாலையில் டொராண்டோவின் வடக்கு விளிம்பு வரை வேலைக்குப் போய்வருகிறீர்கள். வரி, டயர் எல்லாம் சேர்த்துக் கையில் இருப்பது பத்தாயிரம் டாலர். நான்கு சக்கரமும் இழுக்கும் ஆல் வீல் டிரைவ் உள்ள எஸ்யூவி இல்லாமல் பனிக்காலத்தில் வெளியே போகாதே என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள். உங்களுக்கோ, வளைவில் திரும்பும்போது மனம் மகிழ்கிற ஒரு சின்ன கார் வேண்டும். எந்த மாடல் என்றுதான் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உள்ளே இருக்கும் கேள்வி, பனிக்காக ஓட்டும் மகிழ்ச்சியை விட்டுக்கொடுத்தே ஆக வேண்டுமா என்பது. விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. பணத்தைச் சரியான வரிசையில் செலவழித்தால் போதும்: முதலில் துருப்பிடிக்காத அடிப்பகுதி, அடுத்து நல்ல குளிர்கால டயர் நான்கு, அதற்குப் பிறகுதான் எத்தனை சக்கரம் இழுக்கிறது என்ற கணக்கு. பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

நான் ஒன்டாரியோவில் உரிமம் பெற்ற மெக்கானிக். பல ஆண்டுகளாகப் பழைய கார்களின் அடியில் நின்று மேலே பார்ப்பதே என் வேலை. அதனால் துரு, பிரேக், சஸ்பென்ஷன் பற்றி உறுதியாகப் பேசுவேன். விலை நிலவரமும் இன்ஷூரன்ஸும் மாதத்துக்கு மாதம், ஆளுக்கு ஆள் மாறுபவை. அங்கே நான் தருவது தோராயமான கணக்குதான்.

ஆல் வீல் டிரைவைப் பற்றி முதலில் தெளிவுபடுத்திவிடுகிறேன். நான்கு சக்கரமும் இழுத்தால் நின்ற இடத்திலிருந்து கிளம்புவது எளிது, பனி மூடிய ஏற்றத்தில் ஏறுவது எளிது. இதில் சந்தேகமே இல்லை. ஆனால் பிரேக் பிடிக்கும்போது எல்லா கார்களுமே நான்கு சக்கரத்தாலும்தான் நிற்கின்றன. அங்கே ஆல் வீல் டிரைவ் ஒரு அடிகூடக் குறைத்துத் தராது. வளைவில் வழுக்காமல் காப்பதும் டயருக்கும் சாலைக்கும் உள்ள பிடிப்புதான். இன்னொரு ஆபத்தும் உண்டு. முன்சக்கரம் மட்டும் இழுக்கும் காரில், சிக்னலில் கிளம்பும்போதே சக்கரம் சுற்றி, சாலை வழுக்குகிறது என்று சொல்லிவிடும். ஆல் வீல் டிரைவ் அந்தச் செய்தியை மறைத்து உங்களை எண்பதுக்குக் கொண்டுபோய்விடும். வழுக்கல் தெரியவருவது பிரேக்கை மிதிக்கும்போதுதான். முதல் பெரிய பனி விழுந்த மறுநாள் கராஜுக்கு இழுத்துவரப்படும் வண்டிகளில் உயரமான எஸ்யூவிகளுக்குக் குறைவே இருப்பதில்லை.

டயர் விஷயத்தில் நான் சமரசம் செய்துகொள்ள மாட்டேன். ஆல் சீசன் டயரின் ரப்பர், வெப்பநிலை ஏழு டிகிரிக்குக் கீழே போகப் போக இறுகிவிடும். குளிர்கால டயரின் ரப்பர் அந்தக் குளிரிலும் மென்மையாக இருக்கும்படி செய்யப்பட்டது. பக்கவாட்டில் மூன்று சிகர மலைக்குள் பனித்துகள் பொறித்த சின்னம் இருக்கிறதா என்று பாருங்கள். சேறு, பனி என்பதைக் குறிக்கும் எம் பிளஸ் எஸ் (M+S) என்ற எழுத்து மட்டும் இருந்தால் போதாது. நான்கும் ஒரே வகையாக இருக்க வேண்டும். முன்னால் மட்டும் இரண்டு போட்டுப் பணத்தை மிச்சப்படுத்தினால், வளைவில் பிரேக் பிடிக்கும்போது பின்பக்கம் முன்னுக்கு வந்துவிடும். பழைய டயர் வாங்குவதானால் பள்ளத்தின் ஆழத்தை அளந்து பாருங்கள். நான்கு மில்லிமீட்டர் அளவுக்குத் தேய்ந்த டயரைப் பனி மூடிய சாலையில் பயன்படுத்தக் கூடாது என்று கனடாவின் போக்குவரத்துத் துறையே சொல்கிறது. டயரில் டாட் (DOT) என்ற எழுத்துகளுக்குப் பின்னே, கடைசியில் நான்கு இலக்கம் இருக்கும். 3521 என்றால் 2021ஆம் ஆண்டின் 35ஆவது வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். பள்ளம் நிறைய இருந்தாலும் ரப்பர் கிழடு தட்டியிருந்தால் வேண்டாம்.

கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் சட்டப்படி கட்டாயம். ஒன்டாரியோவில் அப்படிச் சட்டம் இல்லாததால்தான் இத்தனை பேர் அலட்சியமாக இருக்கிறார்கள். ஆனால் 2016 முதல், குளிர்கால டயர் போட்டவருக்கு இங்குள்ள இன்ஷூரன்ஸ் நிறுவனங்கள் தள்ளுபடி தந்தே ஆக வேண்டும், கேட்டு வாங்குங்கள். சாதாரண இரும்பு ரிம்முடன் நான்கு டயருக்கு இன்று ஏறத்தாழ ஆயிரம் டாலர் ஒதுக்குங்கள். அகலமான பதினெட்டு அங்குலச் சக்கரத்தோடு வரும் காரை விட்டு, பதினைந்து, பதினாறு அங்குலம் பொருந்தும் காரைப் பார்ப்பது இதனால்தான். டயர் மலிவு, ஒடுக்கமான டயர் பனியைக் கிழித்துக்கொண்டு அடித்தரையைப் பிடிக்கும், குழியில் விழுந்தாலும் ரிம் சுலபத்தில் நெளியாது.

இனித் துரு. சாலையில் கொட்டும் உப்புதான் ஒன்டாரியோவில் கார்களைக் கொல்கிறது. எஞ்சின் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே உடல் செத்துவிடும். வாங்கப் போகும் வண்டியை லிஃப்டில் ஏற்றிப் பார்க்காமல் ஒரு டாலர்கூடக் கொடுக்காதீர்கள். ஏற்றியதும் நான் முதலில் போவது கதவுகளுக்குக் கீழே நீளமாக ஓடும் விளிம்புப் பகுதிக்கு, அதிலும் ஜாக் வைக்கும் இடத்துக்கு. ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் தட்டிக்கொண்டே போவேன். நல்ல தகடு கணீரென்று பேசும். ஓரிடத்தில் ஓசை மட்டுப்பட்டு அட்டைப்பெட்டியைத் தட்டியதுபோலக் கேட்டால், முனையால் மெல்ல அழுத்துவேன். பெயின்ட் உரிந்து பழுப்புச் செதில் கொட்டினால் கதை முடிந்தது. அடுத்து, பின்சக்கரங்களைத் தாங்கும் சப்ஃபிரேம். அதற்குப் பிறகு பெட்ரோல் டேங்குக்கு மேலே ஓடும் பிரேக் குழாய்கள். கண்ணுக்குத் தெரியாத அந்த இடத்தில்தான் அவை பெரும்பாலும் அரித்துப்போகும். டார்ச் அடித்துப் பார்க்கையில் குழாயின் மேல் சின்னச் சின்னக் கொப்புளங்கள் தெரிந்தால், அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசலாம். சப்ஃபிரேமோ ஜாக் வைக்கும் இடமோ போயிருந்தால் பேசவே வேண்டாம், வந்துவிடுங்கள். இன்னொரு எச்சரிக்கை: அடிப்பகுதி முழுவதும் புதிதாகக் கறுப்புத் தார்ப்பூச்சு பளபளத்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும். பத்து வருட வண்டிக்கு விற்பதற்கு முதல் வாரம் பூச்சு அடிப்பவர் எதையோ மூடுகிறார்.

இந்த வரிசையை மனதில் வைத்துக்கொண்டு மாடல்களுக்கு வருவோம். உங்கள் பத்தாயிரத்தில் வண்டியின் விலை ஏழாயிரத்து ஐந்நூறைத் தாண்டக் கூடாது. 13 சதவீத வரி சேர்ந்தால் 8,475 ஆகிவிடும். டயருக்கு ஆயிரம் போக மிச்சம் 525 டாலர். அது துருவைத் தடுக்கும் எண்ணெய்ப் பூச்சுக்கும், தேவைப்பட்டால் ஒரு புது பேட்டரிக்கும். தனியாரிடம் வாங்கும்போது, நீங்கள் கொடுத்த விலை, ரெட் புக் என்ற கையேட்டிலுள்ள மொத்த விற்பனை மதிப்பு, இந்த இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் வரி என்பதையும் மறக்க வேண்டாம்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் முதலில் தேடுவது 2014 முதல் 2016 வரையிலான மாஸ்டா 3, ஹேட்ச்பேக், ஆறு கியர் மேனுவல். 155 குதிரைத்திறன் கொண்ட இரண்டு லிட்டர் எஞ்சின். ஸ்டீயரிங்கில் சாலையின் நிலை கையில் தெரியும். கியர் மாற்றுவதே ஒரு சந்தோஷம். இதற்கு முந்தைய தலைமுறை மாஸ்டா 3 வண்டிகளின் பின்சக்கர வளைவுகளைத் துரு தின்றதை இந்த ஊரில் பார்க்காதவர் இல்லை. 2014இல் வந்த தலைமுறை அதில் எவ்வளவோ மேல். இதிலும் பின் பிரேக்கை அழுத்திப் பிடிக்கும் காலிப்பர்கள் இறுகிக்கொள்வது உண்டு. ஓட்டிப் பார்த்துவிட்டு இறங்கியதும் பின்சக்கரங்கள் இரண்டின் அருகிலும் கை வைத்துப் பாருங்கள். ஒன்று மட்டும் அனலாக இருந்தால் காரணம் அதுதான். இந்த விலைக்குக் கிடைப்பது இரண்டு லட்சம் கிலோமீட்டரை நெருங்கியதாகத்தான் இருக்கும். அந்த எஞ்சினுக்கு, எண்ணெய் ஒழுங்காக மாற்றியிருந்தால், அது பெரிய ஓட்டமில்லை.

மேனுவல் கியர் பற்றி ஒரு வார்த்தை. ஊரில் கிளட்ச் மிதித்துப் பழகியது இங்கே உங்களுக்குப் பெரிய சாதகம். சாதாரண சிறிய கார்களில் மேனுவல் வண்டிக்கு வாங்குவோர் குறைவு என்பதால் விலையும் இறங்கிப் பேசலாம். வழுக்கும் இறக்கத்தில் இரண்டாம் கியரில் வைத்து பிரேக்கைத் தொடாமல் இறங்கலாம். பனியில் இரண்டாம் கியரிலேயே மெல்லக் கிளம்பலாம். ஆட்டோமேட்டிக்கிலும் இவற்றில் பலவற்றைச் செய்யலாம் என்பது உண்மைதான். ஆனால் கையும் காலும் சேர்ந்து வேலை செய்வதில் உள்ள நிறைவைத்தானே நீங்கள் தேடுகிறீர்கள்.

இரண்டாவது தேர்வு ஹோண்டா ஃபிட், 2009 முதல் 2013 வரை, ஐந்து கியர் மேனுவல். 117 குதிரைத்திறன்தான், ஆனால் எடை குறைவு. நகரத்துக்குள் அவ்வளவு துறுதுறுப்பான காரை இந்த விலையில் காண்பது அரிது. பின் இருக்கையின் அடிப்பலகையை மேலே மடித்தால் குளிர்சாதனப் பெட்டி அட்டையைக்கூட நிறுத்திவைக்கலாம். நெடுஞ்சாலையில் இரைச்சல் அதிகம், பக்கக் காற்றுக்கு அசையும், தரையிலிருந்து உயரமும் குறைவு. தினமும் 400இல் போகிறவர் என்பதால்தான் உங்களுக்கு இதை இரண்டாவதாக வைக்கிறேன். பேரிக்குள்ளேயே வேலை என்றால் முதலாவதாகச் சொல்லியிருப்பேன்.

உங்கள் தெரு ஏற்றமாக இருந்து, பனி அள்ளும் வண்டி நேரத்துக்கு வராது என்றால், ஆல் வீல் டிரைவுக்கு நியாயம் இருக்கிறது. அப்போது 2012 முதல் 2016 வரையிலான சுபாரு இம்ப்ரெஸா ஹேட்ச்பேக் மேனுவலைப் பாருங்கள். 148 குதிரைத்திறன். சாலையில் சோம்பல்தான், பனியில் அற்புதம். அதற்கு முந்தைய இரண்டரை லிட்டர் எஞ்சின்களில் எஞ்சினின் தலைப்பகுதியை அடைக்கும் ஹெட் கேஸ்கெட் கசிவது ஊரறிந்த நோய். 2012இல் வந்த இரண்டு லிட்டர் எஞ்சினில் அந்தத் தொல்லை நீங்கியது, ஆனால் தொடக்க ஆண்டுகளில் சில வண்டிகள் எண்ணெய் குடித்தன. எண்ணெய்க் கம்பியை இழுத்து அளவு பாருங்கள், விற்பவரிடம் இரண்டு சர்வீஸுக்கு நடுவில் எண்ணெய் ஊற்றுகிறாரா என்று நேரடியாகக் கேளுங்கள். சுபாருவில் நான்கு டயரும் ஒரே அளவு தேய்ந்திருக்க வேண்டும் என்பதும் செலவுக் கணக்கில் வரும்; ஒன்று கிழிந்தால் சில நேரம் நான்கும் மாற்ற நேரிடும். சிவிடி என்ற, படிகள் இல்லாத தானியங்கி கியர் உள்ளதை இந்த விலையில், இந்த வயதில் நான் பரிந்துரைக்க மாட்டேன். அது இன்னும் எத்தனை நாள் ஓடும் என்று வெளியிலிருந்து பார்த்து எந்த மெக்கானிக்காலும் உறுதி சொல்ல முடியாது. போனால் வண்டியின் விலையில் பாதிக்கு மேல் போய்விடும்.

சுசுகி எஸ்எக்ஸ்4 ஒரு விசித்திரமான நல்ல வண்டி. இரண்டு சக்கரம், தானாக நான்கு, பூட்டிய நான்கு என்று மூன்று நிலைக்கு ஒரு பொத்தான் வைத்து மலிவு விலையில் வந்தது. ஆனால் சுசுகி கனடாவில் கார் விற்பதை நிறுத்திவிட்டது; உதிரி பாகத்துக்குக் காத்திருக்கப் பொறுமை உள்ளவருக்கே சரி. பின்சக்கர இயக்கம் கொண்ட மாஸ்டா மியாட்டாவைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். நல்ல டயரோடு அது பனியில் ஓடும்; ஆனால் ஒரே வண்டியாக வைத்துக்கொண்டு உப்பில் கரைய விட எனக்கு மனம் வராது. பழைய ஜெர்மன் ஆல் வீல் டிரைவ் கார்கள் வாங்கும்போது மட்டும்தான் மலிவு. புதிய சிவிக்கில் ஆசை இருந்தால், 2016-18 மாடல்களின் ஒன்றரை லிட்டர் டர்போ எஞ்சினைக் குளிர்ப்பகுதியில் குறுந்தூரம் ஓட்டும்போது பெட்ரோல் போய் எஞ்சின் எண்ணெயில் கலந்தது என்பதைத் தெரிந்துகொண்டு, டர்போ இல்லாத இரண்டு லிட்டரைப் பாருங்கள். அதுவும் உங்கள் பட்ஜெட்டுக்குச் சற்று மேலேதான்.

எதை எடுத்தாலும் 2012 மாடலாகவோ அதற்குப் பிந்தையதாகவோ இருப்பது நல்லது. அந்த மாடல் ஆண்டு முதல் கனடாவில் விற்கும் கார்களுக்கு வழுக்கலைத் திருத்தும் மின்னணு நிலைத்தன்மைக் கட்டுப்பாடு கட்டாயமானது. நான் மேலே சொன்ன ஃபிட்டில் பழைய ஆண்டுகளை எடுப்பதானால் அது இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

சின்ன முன்சக்கர காரில் பனியில் என்ன மகிழ்ச்சி என்று நண்பர்கள் கேட்டால், ஜனவரியில் ஒன்டாரியோவிலேயே உள்ள மிண்டன் ஊருக்கு அழைத்துப் போங்கள். உறைந்த தடத்தில் அங்கே நடக்கும் கார்ப் பந்தயத்தில் பழைய சிவிக் போன்ற சிறிய கார்கள்தான் நிறைய ஓடும். பனியில் மகிழ்ச்சிக்கு வேகம் தேவையில்லை. நாற்பதில் போகும்போதே எடை முன்னுக்கு வருவதும், பின்பக்கம் இலேசாவதும், ஆக்சிலரேட்டரை விட்டதும் மூக்கு வளைவுக்குள் திரும்புவதும் முழுக்கத் தெரியும். வெறிச்சோடிய சாலையில், பின்னால் யாரும் இல்லாதபோது, முப்பதில் போய் பிரேக்கை முழுமூச்சாக மிதித்துப் பாருங்கள். பாதத்துக்கு அடியில், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் கடகடவென்று உதைக்கும். பயந்து காலை எடுக்காமல் அழுத்திக்கொண்டே ஸ்டீயரிங்கைத் திருப்ப முடியும் என்று உடம்புக்குத் தெரிந்துவிட்டால் பாதி பயம் போய்விடும். வாகன நிறுத்துமிடத்தில் வண்டியைச் சுழற்றி விளையாடுவது மட்டும் வேண்டாம். ஒன்டாரியோவில் அது சாகச ஓட்டக் குற்றமாகப் பதிவாகும். உரிமமும் வண்டியும் அங்கேயே பறிபோகும். முறையான குளிர்கால ஓட்டப் பயிற்சி வகுப்பு ஒன்றில் ஒரு நாள் செலவழிப்பது எந்த ஆல் வீல் டிரைவையும்விடப் பயன் தரும்.

ஜார்ஜியன் விரிகுடாவிலிருந்து வரும் பனிச்சூறைக்கு மட்டும் எந்த வண்டியும் பதில் இல்லை. வெயில் அடித்துக்கொண்டிருக்கும் 400இல் ஐந்து நிமிடத்தில் முன்னால் போகும் லாரி மறைந்துவிடும். டயர் பிடித்தாலும் கண் தெரியாதே. கிளம்பும் முன் 511 இணையதளத்தில் சாலை நிலவரத்தைப் பார்த்து, மோசமென்றால் வீட்டிலேயே இருந்துவிடுங்கள்.

வாங்கும் வழிமுறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மாடலை முடிவு செய்யும் முன்பே இன்ஷூரன்ஸுக்கு விலை கேளுங்கள். அதிகம் திருடு போகும் வண்டிகளுக்கு, குறிப்பாக ஹோண்டா சிஆர்வி போன்ற எஸ்யூவிகளுக்கு, எதிர்பாராத தொகை சொல்வார்கள். தனியார் விற்பனையில் பழைய வாகனத் தகவல் தொகுப்பு என்ற அரசு ஆவணத்தை விற்பவர்தான் தர வேண்டும். அதிலும் உரிமைச் சீட்டிலும் உள்ள பெயர் அவருடைய அடையாள அட்டையோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒத்துப்போகாவிட்டால், உரிமம் இல்லாமல் கார் வியாபாரம் செய்பவரிடம் மாட்டிக்கொண்டீர்கள் என்று பொருள். பாதுகாப்புச் சான்றிதழ் 36 நாள் வரை செல்லும். அது உத்தரவாதம் அல்ல. சோதித்த அன்று வண்டி குறைந்தபட்சத் தரத்தில் இருந்தது என்பதற்கு மேல் அது எதுவும் சொல்லாது. அதனால் விற்பவருக்குத் தொடர்பில்லாத கராஜில் நூறு, நூற்றைம்பது டாலர் கொடுத்துச் சோதித்துவிடுங்கள். வாங்கிய பிறகு ஆண்டுக்கு ஒருமுறை, உப்பு விழத் தொடங்கும் முன், அடிப்பகுதிக்கும் கதவுகளின் உட்புறத்துக்கும் சொட்டுகிற வகை எண்ணெய்ப் பூச்சு அடியுங்கள். மின்சாரத்தால் துருவைத் தடுப்பதாகச் சொல்லி விற்கும் சின்னப் பெட்டிகளை நான் நம்பவில்லை.

வண்டியைப் பார்க்கப் போகும் நாளில், நீங்கள் வரும்வரை எஞ்சினைக் கிளப்ப வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். குளிர்ந்து கிடக்கும் எஞ்சின்தான் உண்மை பேசும். பானெட்டைத் தொட்டுப் பார்த்துச் சில்லென்று இருக்கிறதா என்று உறுதிசெய்த பிறகு கிளப்பச் சொல்லுங்கள். ஸ்டார்ட்டர் இழுத்து இழுத்துச் சுற்றுகிறதா, முதல் சில நொடிகளில் எஞ்சினுக்குள் இருக்கும் சங்கிலி சலசலக்கிறதா, புகைக்குழாயில் நீலப் புகை வருகிறதா, கிளட்ச் எந்த உயரத்தில் பிடிக்கிறது என்று கவனியுங்கள். வெளியே சூடேற்றித் தயாராக நிறுத்திவைத்து வரவேற்கிறார் என்றால், பேசிவிட்டு வந்து, இன்னொரு நாள் சொல்லாமல் காலையில் போய்ப் பாருங்கள்.